ஹபீபுல்லாஹ் சாஹிபும் சாஸ்திரியாரும்

சென்னைத் தியாகராய நகரில் ஹபீபுல்லாஹ் சாலையை அறியாதார் இலர். நடிகர் சங்கம் இருக்கும் சாலை என்றால் வெளியூர்க்காரருக்கும் தெரியும். ஆனால், அப்பெயருக்குரிய பெருந்தகை யார் என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. நம் சமுதாயத்தாரிடையேயும் இந்நிலையையே காண்கிறோம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் குடியேறிய இந்தியர்க்குச் சம உரிமை வேண்டிக் கடல் கடந்து சென்று வாதாடிய தூதுக்குழுவின் தலைவர் மர்ஹூம் ஸர் முஹம்மது ஹபீபுல்லாஹ் சாஹிப். அக்குழுவில் உடன் சென்று, அப்பணியைப் பின்னரும் தொடர்ந்து நடத்தியவர், மயிலாப்பூரில் வாழ்ந்த மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். ஒருவரைப் பேசும்போது மற்றவரையும் பேசுவதே முறை.

இருவரும் 1869ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். ஹபீபுல்லாஹ் சாஹிப் சைதாப்பேட்டையில் பிறந்து, வேலூரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, அந்நகராட்சியின் தலைவராய் விளங்கி, சென்னை ஆளுநரின் நிர்வாக சபையிலும், பின்னர் வைசிராயின் நிர்வாக சபையிலும் உறுப்பினரானார். சாஸ்திரியாரோ வலங்கைமானில் எளிய குடும்பத்தில் தோன்றி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராய் இருந்து, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தவர். அவருடைய ஆங்கில நாவன்மையை ஆங்கிலேயரே வியந்தனர்.

இவர்கள் கையேற்ற வழக்கு, நம் சென்னைத் துறைமுகத்திலேயே தொடங்கியதாகும். 1860ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் இங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. 1911 வரையில் இவ்வாறு நேட்டால் நாட்டுக்குச் சென்றோர் 1,52,184 பேர். பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற ஏழைகள். அவர்களைத் தொடர்ந்து குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் தம் சொந்தச் செலவில் சென்று கடைகள் வைத்தனர், பள்ளிவாசல் எழுப்பினர். கரும்பு வெட்டும் வரையில் இந்தியன் வேண்டியவனாயிருந்தான். அவன் நிலம் வாங்கவும் கடை வைக்கவும் தலைப்பட்டபோது வேண்டாதவனானான். வாக்குரிமை பறிபோயிற்று, வரிமேல் வரி விழுந்தது.

1921ஆம் ஆண்டு லண்டனில் கூடிய சாம்ராஜ்ய மாநாட்டில் சாஸ்திரியார் இப்பிரச்சினையை எழுப்பினார். சாம்ராஜ்யத்தில் இந்தியா சம உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டே, பிற நாடுகளில் சட்டப்படி குடியேறிய இந்தியர்க்குக் குடியுரிமையை மறுப்பது பொருந்தாது என்பது அவர் வாதம். மாநாடு அதனைத் தீர்மானமாகவே ஏற்றது. தென்னாப்பிரிக்கா மட்டும் ஏற்க மறுத்தது. மறு ஆண்டே அவர் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று அத்தீர்மானத்தைச் செயற்படுத்துமாறு கேட்டார். ஆஸ்திரேலியாவில் 1925இல் இந்தியர்க்கு வாக்குரிமை கிட்டியது. ஆனால் 1923இல் கென்யா இந்தியர்களுக்காக லண்டன் சென்றபோது அவருக்குக் கிடைத்தது ஏமாற்றமே. அந்நாட்டின் வளமான மேட்டு நிலங்கள் வெள்ளையர்க்கே உரியவை என்று பிரிட்டிஷ் அரசு முடிவு கூறிற்று.

1925இல் தென்னாப்பிரிக்காவின் உள்துறை அமைச்சர் டாக்டர் மலான் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். இந்தியர்கள் குடியிருக்கவும் வணிகம் செய்யவும் தனி வட்டாரங்களை ஒதுக்குவது அதன் நோக்கம். அது சட்டமாகியிருப்பின், இரண்டு தலைமுறை உழைப்பில் எழுந்த கடைகளும் வீடுகளும் கைவிட்டுப் போயிருக்கும். பேச்சு வார்த்தைக்கு இரு அரசுகளும் இசைந்தன. 1926 டிசம்பரில் கேப் டவுனில் கூடிய மாநாட்டுக்கு இந்தியக் குழுவின் தலைவராய்ச் சென்றவர் ஹபீபுல்லாஹ் சாஹிப். நிறத்தைக் காட்டி மனிதரைத் தாழ்த்திய ஒரு நாட்டின் அமைச்சர்கள், நம் சைதாப்பேட்டைக்காரரைச் சமமான அரசின் பிரதிநிதியாக மேசையின் எதிரே அமர்த்திப் பேச வேண்டியதாயிற்று. அதுவே ஒரு வெற்றி எனலாம்.

1927இல் வெளியான உடன்படிக்கையின்படி மசோதா திரும்பப் பெறப்பட்டது. இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் அங்கே தங்கவும் வழி பிறந்தது. அப்பதவியை முதன்முதலில் ஏற்றவர் சாஸ்திரியார். காந்தியடிகளும் அவரையே வற்புறுத்தினார். 1928இல் கிளார்க்ஸ்டார்ப் நகரில் அவர் பேசிய கூட்டத்தை வெள்ளையர் சிலர் குலைத்தனர், அவர் கலங்கினாரில்லை. இந்திய மக்களிடமே பொருள் திரட்டி டர்பனில் ஓர் உயர்நிலைப் பள்ளி அமைய வழிகோலினார். அது சாஸ்திரி கல்லூரி என்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எனினும், வரலாறு எழுதுவோர் புகழுரையோடு நின்றுவிடலாகாது. அவ்வுடன்படிக்கைக்கு ஒரு விலையும் இருந்தது. தாயகம் திரும்ப விரும்பும் இந்தியரில் வயது வந்தோர்க்குத் தலைக்கு 20 பவுன் உதவித்தொகை என்று ஏற்பாடாயிற்று. அங்கேயே பிறந்து வளர்ந்த பலர் அதனை நம்பிக் கப்பலேறி, தம் முன்னோர் ஊரிலேயே அந்நியராய் நின்றனர். மேலும், மேல்நாட்டு வாழ்க்கைத் தரத்துக்கு இணங்கி வாழ முன்வரும் இந்தியர்க்கே முன்னேற வழி திறக்கப்படும் என்று அவ்வுடன்படிக்கை கூறிற்று. அதாவது, பிறப்பால் உரியதாகிய சமத்துவம், பிறரைப் போல் நடந்துகாட்டிப் பெறும் பரிசாயிற்று. அந்நாட்டின் மண்ணின் மைந்தர்களான ஆப்பிரிக்க மக்களுக்கோ அம்மேசையில் ஓர் இருக்கைகூட இல்லை.

நிபந்தனையோடு வந்த சமத்துவம் நிலைக்கவில்லை. 1946இல் இந்தியரின் நில உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இந்தியா அவ்வழக்கை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது. அவ்வாண்டு ஏப்ரலில் சாஸ்திரியார் காலமானார். 1948 மே மாதத்தில் ஹபீபுல்லாஹ் சாஹிப் வஃபாத்தானார். அதே மாதம் நடந்த தேர்தலில் வென்று பிரதமரானவர், 1927இல் உடன்படிக்கை செய்த அதே டாக்டர் மலான்! 1950இல் அவருடைய அரசு, இன வாரியாக வட்டாரங்களைப் பிரிக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. அன்று தள்ளிப்போன கொடுமை, முன்னினும் பெரிதாய், எல்லா நிறத்தவர் மேலும் விழுந்தது. அது நீங்க 1991 வரையில் காத்திருக்க நேர்ந்தது. பிரிட்டனிலேயே கூட, இன பேதத்தைத் தடுக்கும் முதற்சட்டம் 1965இல்தான் பிறந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இதனால் அவ்விருவரின் உழைப்பு வீண் என்று நாம் கருதவில்லை. கால் நூற்றாண்டுக் காலம் ஆயிரமாயிரம் குடும்பங்கள் தம் வீட்டிலும் கடையிலும் இருக்க முடிந்தது. அவர்தம் பிள்ளைகள் கற்க முடிந்தது. அப்பிள்ளைகளின் தலைமுறையே பின்னாளில் ஆப்பிரிக்கரோடு தோளோடு தோள் நின்று போராடிற்று. சான்றோர் இருவர் பெற்றுத் தந்த அவகாசம் அது.

வெள்ளையர்க்குக் கறுப்பரைவிடவோ, கறுப்பர்க்கு வெள்ளையரைவிடவோ இறையச்சத்தாலன்றி மேன்மையில்லை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜில் உணர்த்திய உண்மை. அதில் வாழ்க்கைத் தரம் பற்றிய நிபந்தனை ஏதுமில்லை. தமக்கு மட்டும் கேட்கும் சமத்துவம் தமக்கும் நிலைப்பதில்லை. கேப் டவுன் வரலாறு நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.