மலைநாட்டுக்கு வந்த மொரிஸ் மைனர்



பழைய மோட்டார் வண்டியை விலைக்கு வாங்குபவர், அதன் முன்னைய உடைமையாளர் விட்டுச்சென்ற குறைகளையும் சேர்த்தே வாங்குகின்றார். எனக்கு நேர்ந்ததும் அதுவே. ஆயினும், அக்குறை எதுவெனத் தேடப்புகுந்தபோது, நமது மலைநாட்டு வரலாற்றில் எழுதப்படாத பக்கம் ஒன்று என் கண்முன் விரிந்தது. அதனையே இன்று கூற விழைகின்றேன்.

இலங்கையில் 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பெற்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பெற்றது. அவ்விடைக்காலத்திற் பழைய வண்டிகளின் விலையும் ஏறிற்று. ஆசிரியச் சம்பளத்திற்கு எட்டியதாக எனக்கு வாய்த்தது, கொழும்பில் ஓடிக்கொண்டிருந்த மொரிஸ் மைனர் ஒன்று.

அவ்வண்டிக்குத் தனிப்பெருமை உண்டு. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அமைப்பில், 1948ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் அது செய்யப்பெற்றது. பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் அதுவே. 1977ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், உள்ள வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதே நம்மவர் வழக்கமாயிற்று. அத்திறமை வீண்போகவில்லை. 1991ஆம் ஆண்டில், மொரிஸ் மைனரின் தகட்டுப் பாகங்களைச் செய்து பிரித்தானியாவிற்கே அனுப்பும் தொழிற்சாலை ஒன்று இந்நாட்டில் எழுந்தது.

நான் வாங்கிய வண்டி கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துள்கல வரை இனிதாகவே ஓடிற்று. கினிகத்தேனையைக் கடந்து ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும் இழுவை குறைந்தது. ஹட்டனை அடைந்து வண்டியை நிறுத்தி, எஞ்ஜினை மெதுவாக ஓடவிட்டபோது, காய்ச்சலில் நடுங்குபவர்போல் வண்டி முழுவதும் நடுங்கிற்று. புகைக்குழாயிற் கரும்புகை, எங்கும் பெற்றோல் மணம். கராஜ் ஒன்றிற் காட்டினேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, எஞ்ஜினைக் கழற்றிச் சிலிண்டர்களைக் கடைந்து புதுப்பிக்க வேண்டும் என்றனர். அவர்கள் கூறிய தொகை வண்டியின் விலையிற் பாதிக்குமேல். என் மகளின் பல்கலைக்கழகச் செலவிற்கென வைத்திருந்த பணத்தில் அன்றி அதனைக் கொடுக்க எனக்கு வேறு வழியில்லை.

அந்நிலையில் நண்பர் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்ஜின் பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் எதனையும் உடனே கழற்றவில்லை. முதலில், எஞ்ஜினை நிறுத்தியபடியே முன்புறம் கைப்பிடியை இட்டு மெல்லச் சுற்றினார். நான்கு சிலிண்டர்களும் முறையே கையை எதிர்த்துத் தள்ளின. ஒன்றேனும் தளர்ந்திருந்தால் வால்விலோ வளையத்திலோ கசிவு உண்டு எனக் கொள்ளலாம். நான்கும் சமமாக இருந்தன. கராஜில் அஞ்சிய நோய் இல்லை என்பது இரண்டு நிமிடத்திற் புலனாயிற்று.

அடுத்து எஞ்ஜினை ஓடவிட்டு, உலர்ந்த துணியாற் பிடித்து, பிளக்கின் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒரு கம்பியைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் தோன்றாவிடின் அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது எனப் பொருள். இங்கோ எதனைக் கழற்றினும் ஓட்டம் ஒரே அளவாகத் தளர்ந்தது. குறை ஒரு சிலிண்டருக்கு உரியதன்று, நான்கிற்கும் பொதுவானது. பிளக்குகளை எடுத்துப் பார்த்தபோது நான்கும் உலர்ந்த கரி படிந்து கிடந்தன. எண்ணெய் ஈரம் சிறிதும் இல்லை. செம்மையாக எரியும் எஞ்ஜினில் பிளக்கின் நுனி இளம் பழுப்பு நிறமாக இருக்கும். கரி, காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலின் அடையாளம்.

இறுதியாகக் காபரேட்டரின் உள்ளே உள்ள பிஸ்டனைச் சிறிதளவு உயர்த்திப் பிடித்தார். எஞ்ஜினின் வேகம் ஏறி, ஏறியபடியே நின்றது. கலவையிற் பெற்றோல் கூடுதல் என்பதற்கு அதுவே சான்று. கலவை அளவாயின் வேகம் சற்றே எழுந்து அடங்கும். பெற்றோல் போதாதாயின் எஞ்ஜின் நின்றுவிடும். அடியிலிருந்த திருகை அவர் சிறிது சிறிதாகத் திருப்பினார். காற்று வடிகட்டியின் தூசியை அகற்றினார். பிளக்குகளைத் துலக்கி மாட்டினார். நடுக்கம் நின்றது.

“மாஸ்டர், எஞ்ஜினுக்கு நோய் ஒன்றுமில்லை. கொழும்பிலேயே பெற்றோலைக் கொஞ்சம் கூட வைத்திருக்கிறார்கள். அங்கே அது தெரியவில்லை. இங்கே காற்று மெலிவு, தெரிந்துவிட்டது” என்றார் அவர்.

அவர் கூறியது விஞ்ஞான உண்மை. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நுவரெலியாவிற் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. அங்கு நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகச் சுணங்குவதை இல்லத்தரசிகள் அறிவர். எஞ்ஜினுள் புகும் காற்று மெலிந்தும், பெற்றோல் அதே விகிதத்திற் குறையாமலும் இருப்பின், கலவை கெட்டுக் கரும்புகை எழுகின்றது.

இவ்வறிவு அம்முதியவருக்கு எங்கிருந்து வந்தது? 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டு முதற் பரவிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலையெங்கும் பரவிற்று. கொழுந்தை அரைக்கவும் உலர்த்தவும் இயந்திரங்கள் வந்தன. புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியபின் கனத்த இயந்திரங்களை மலைமேற் கொணர்தலும் எளிதாயிற்று. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் அத்தொழிற்சாலைகளில், நீர்ச்சக்கரத்தையும் நீராவியையும் அடுத்து எண்ணெய் எஞ்ஜின்கள் ஓடின. அவற்றை இரவுபகலாகக் காத்தவர்கள் நம் தொழிலாளர்களே. மெலிந்த காற்றில் எஞ்ஜின் எவ்வாறு மூச்சுவிடும் என்பதை அவர்கள் புத்தகத்திற் படிக்கவில்லை. செவியாலும் கையாலும் கற்றனர்.

அம்முதியவருக்குத் தொழில் கற்பித்தவர் அவருடைய தாய்மாமன். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பான்மையோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு பின்னர் எடுப்பதற்கென விடப்பட்டது. மாமன் குடும்பத்தோடு தலைமன்னாரிற் கப்பலேறினார். மருமகன் இங்கேயே தங்கினார். “மாமா சொல்லித் தந்தது பாதி, மீதியை எஞ்ஜின் சொல்லித் தந்தது” என்றார் அவர்.

ஒப்பந்தத்தின் கணக்கில் மனிதர் தொகை உண்டு. அவர்களோடு கடல் கடந்த தொழிலறிவுக்குக் கணக்கு இல்லை. இடத்தின் இயல்பை அறியாது ஓர் எஞ்ஜினைப் பழுது எனத் தீர்ப்பளிக்க இருந்தேன். முப்பதாண்டு ஆசிரியப் பணியில், தோட்டத்துப் பிள்ளைகள் சிலர்மீதும் அவ்வாறே அவசரத் தீர்ப்புச் சொல்லியிருப்பேனோ என்னும் ஐயம் அன்று முதல் என்னை விட்டகலவில்லை.

இன்று எங்கள் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் இருவர், சனிக்கிழமைதோறும் அம்முதியவரிடம் சென்று அவர் கூறுவதைக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றனர். நேயர்களே, உங்கள் ஊரிலும் அத்தகைய முதியவர் ஒருவர் இருத்தல் கூடும். அவர் இருக்கும்போதே சென்று கேளுங்கள்.