பத்து ஆராங்: கல்மரமும் நிலக்கரியும் கிடைத்த ஊரில் என்ன பார்க்கலாம்?

கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா வழியாக ராவாங் பக்கம் போகிறவர்கள், செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி பத்து ஆராங் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். மலாயில் 'பத்து' என்றால் கல், 'ஆராங்' என்றால் கரி. பெயரிலேயே விஷயம் இருக்கு. மலாயாவின் மிகப் பெரிய நிலக்கரிச் சுரங்கம் இங்கேதான் இருந்தது.

இன்று பார்த்தால் அமைதியான சின்ன ஊர். பழைய கடைவீடுகள், செங்கல் சூளையின் உயரமான புகைபோக்கிகள், குளமாகிப் போன பள்ளங்கள். இங்கே ஊரே அருங்காட்சியகம் மாதிரிதான். ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் விளக்கப் பலகை இருக்காது. கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

நிலக்கரி எப்படி வந்தது?

டைனோசர்கள் அழிந்து கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு, இந்த இடம் ஏரியும் சதுப்பு நிலமுமாக இருந்தது. விழுந்த மரங்களும் இலைகளும் தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் முழுசாக மக்கவில்லை. மேலே சேறும் மணலும் படிந்து அழுத்த, அது மெல்ல மெல்ல நிலக்கரி ஆனது.

இங்கே கல்மரமும் கிடைத்திருக்கிறது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா மரத்துக்குள் புகுந்து இறுகினால், மரத்தின் வரிகள் அப்படியே இருக்கும், தொட்டால் கல். தமிழ்நாட்டில் விழுப்புரம் அருகே திருவக்கரையில் கல்மரப் பூங்கா பார்த்திருந்தால், அதே சங்கதிதான்.

யாருக்காகத் தோண்டினார்கள்?

ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற தொழிலதிபரின் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் 1915-இல் நிலக்கரி எடுக்கத் தொடங்கியது. திறந்தவெளியிலும் தோண்டினார்கள், பூமிக்கு அடியில் சுரங்கம் வெட்டியும் எடுத்தார்கள். குவாங்கிலிருந்து தனி ரயில் பாதையே போட்டார்கள். அந்தக் கரிதான் மலாயா ரயில்களை ஓட்டியது, மின்நிலையங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் போனது. பிறகு எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, ரயில்களும் மாறின. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது.

1937-இல் என்ன நடந்தது?

ஒரு தொழிற்சாலையை அதன் தொழிலாளர்களே கையில் எடுத்துக்கொள்வது அன்றைய மலாயாவில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. 1937 மார்ச்சில் பத்து ஆராங்கில் அதுதான் நடந்தது. கூலி உயர்வு வேண்டும், இடையில் நின்று கூலியைக் கத்தரிக்கும் ஒப்பந்தக்காரர் முறை ஒழிய வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலை நிறுத்தம் செய்து, சுரங்கத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். கடைசியில் போலீஸ் உள்ளே புகுந்து மீட்டது. ஆங்கிலேய அரசை இது உண்மையிலேயே கலங்க வைத்தது. கரி நின்றால் ரயில் நிற்கும், இல்லையா?

தொழிலாளர்களில் பெரும்பாலோர் சீனர்கள். இந்தியர்களும் இருந்தார்கள். ஆனால் ரஸ்ஸலின் பெயர் நமக்குத் தெரிகிற அளவுக்கு, கரி வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. சீனரோ தமிழரோ, இரண்டு பக்கமும் இதே கதைதான்.

தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். அந்தக் கரியை எரித்து ஓடிய ரயில்களுக்குத் தண்டவாளம் போட்டுப் பராமரித்த கூலிகளில் தமிழர்களே அதிகம். சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் சீவியவர்களும் நம்மவர்கள்தான். பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. அங்கே உள்ள டென்னமாராம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் என்று வரலாற்றில் எழுதியிருக்கும். குழி தோண்டியது யார் என்று எழுதியிருக்காது.

பத்து ஆராங் போராட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்களும் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களது கோரிக்கைகளில் ஒன்று: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் பழக்கம் ஒழிய வேண்டும். கூலியோடு சேர்த்து அதையும் கேட்டிருக்கிறார்கள்.

போகும்போது கவனிக்க வேண்டியவை

கோலாலம்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பழைய சுரங்க வாய்களுக்கும் குளங்களுக்கும் அருகில் போக வேண்டாம். குளத்தின் கரை சட்டென்று ஆழமாகும், ஊருக்கு அடியில் பழைய சுரங்கப் பாதைகளும் உள்ளன. தனியார் நிலமாக இருந்தால் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

வரி போட்ட கல் ஏதும் கண்ணில் பட்டால் பையில் போட வேண்டாம். எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் முக்கியமான தகவல். எடுத்துவிட்டால் அந்தத் தகவல் போய்விடும். படம் எடுங்கள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனா வையுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியே வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் இருந்த தோட்டத்தின் பெயர், லயத்து வரிசை, எந்த ஆண்டு வெளியேறினார்கள் என்பதையும் போனில் பதிவு செய்து வையுங்கள். பல தோட்டங்கள் இப்போது வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே போய் வழி கேட்டால், பழைய தோட்டத்துப் பெயரைச் சொன்னால் பலருக்குப் புரிவதே இல்லை.