உரிமக் கட்டணமும் உண்மைச் செலவும்: மியூனிக் மாநகராட்சியின் லினக்ஸ் வரலாறு

கணினியின் வன்பொருளையும் அதில் ஓடும் செயலிகளையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை விலைக்கு வாங்குவதா, எவரும் கட்டணமின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருளைக் கைக்கொள்வதா என்ற கேள்விக்கு, ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியைப் போல நீண்ட காலம் விடை தேடிய அரசு அமைப்புகள் மிகச் சிலவே.

அங்கிருந்த சுமார் 14,000 கணினிகளில் இயங்கிய விண்டோஸ் என்.டி. 4 பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தவிருந்ததால், மாற்றம் தவிர்க்க முடியாததாயிற்று. அந்நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் மேயர் கிறிஸ்டியான் ஊடேவை நேரில் சந்தித்துப் பேசியும், விலை குறைக்கப்பட்டும், மாநகராட்சி மன்றம் 2003 மே மாதத்தில் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸையே தேர்ந்தது. ஒரே விற்பனையாளரின் முடிவுகளுக்குக் கட்டுப்பட்டிருக்கும் நிலையிலிருந்து விடுபடுவதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது.

லிமக்ஸ் எனப் பெயரிடப்பட்ட இத்திட்டத்தில் உரிமக் கட்டணம், அதாவது மென்பொருளைப் பயன்படுத்தும் அனுமதிக்கான விலை, மறைந்ததே தவிர, செலவு மறையவில்லை. துறைதோறும் வெவ்வேறாக வளர்ந்திருந்த கணினி அமைப்புகளை ஒருங்கிணைப்பதற்கும், அலுவலக ஆவணங்களில் பொதிந்திருந்த மேக்ரோ எனும் தானியங்கிக் கட்டளைத் தொகுப்புகளை மாற்றி எழுதுவதற்கும், ஊழியர்களைப் பயிற்றுவிப்பதற்கும் பல ஆண்டுகள் பிடித்தன. கடிதப் படிவங்களுக்கென வோல்மக்ஸ் என்ற தனிக் கருவியையே மாநகராட்சி உருவாக்கிக்கொள்ள நேர்ந்தது.

இத்திட்டத்தால் 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சமானதாக மாநகராட்சி 2012இல் அறிவித்தது; மைக்ரோசாஃப்டுக்காக எச்.பி. நிறுவனம் தயாரித்த ஆய்வோ லிமக்ஸுக்கு 6 கோடி யூரோ செலவானதாகவும், விண்டோஸ் அதனினும் மிக மலிவாக முடிந்திருக்கும் எனவும் வாதிட்டது. ஒரே மாற்றத்திற்கு இத்தனை முரணான கணக்குகள் எழுந்ததே, எவற்றைச் செலவாக எழுதுவது என்பதில் முன்கூட்டிய உடன்பாடு இன்றியமையாதது என்பதை உணர்த்துகிறது.

ஊடேவுக்கு அடுத்து வந்த மேயர் டீட்டர் ரைட்டரின் காலத்தில், 2017 நவம்பரில், மன்றம் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தபோது, அதற்கு மதிப்பிடப்பட்ட செலவு ஏறத்தாழ 5 கோடி யூரோ. ஆகவே கட்டற்ற மென்பொருளைக் கைக்கொள்வதற்கு மட்டுமன்றி, அதைக் கைவிடுவதற்கும் விலை உண்டு. உரிமத்துக்குச் செல்லும் பணம் ஆண்டுதோறும் வெளியேறிவிட, சொந்த வல்லுநர்களை வளர்க்கச் செலவிடும் பணம் ஊரிலேயே அறிவாகச் சேர்கிறது. ஆயினும் அந்த அறிவைப் பேணும் உறுதி ஆட்சி மாற்றங்களைக் கடந்து நீடித்தால்தான் அது பொதுச் சொத்தாக நிலைபெறும்.