டைமிங் யார் கையில்?

1.44 எம்பி ஃப்ளாப்பியில் கேம் வந்த காலத்தில், முழு வசனத்தையும் குரலாக அடைக்க இடமே கிடையாது. சிடி வந்தது, கிட்டத்தட்ட 650 எம்பி கிடைச்சது, கேம்கள் பேச ஆரம்பிச்சது. 1995-இல் வந்த 'டிஸ்க்வேர்ல்ட்' கேமின் ஹீரோ ரின்ஸ்விண்டுக்குக் குரல் கொடுத்தவர் மான்டி பைதான் குழுவின் எரிக் ஐடில். 'பிளாக்ஆடர்' புகழ் டோனி ராபின்சனும் அதில் உண்டு.

பெரிய ஆளுங்கதான். ஆனா மேடையில் எங்கே நிறுத்தணும்னு காமெடியன் முடிவு பண்ணுவார். கேமில் அதை முடிவு பண்றது நம்ம மவுஸ். புதிருக்கு விடை தெரியாம கண்டதையெல்லாம் கிளிக் பண்ணா, அதே வசனம் திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை சிரிப்பு, இருபதாவது தடவை கடுப்பு.

2011-இல் வால்வின் 'போர்ட்டல் 2' இதையே தலைகீழா மாத்திச்சு. ரிக்கி ஜெர்வெய்ஸோட சேர்ந்து 'தி ஆபீஸ்' தொடரை உருவாக்கின ஸ்டீபன் மெர்ச்சன்ட், அதில் வீட்லிங்கிற வாயாடி ரோபோ. ஆரம்பத்திலேயே நம்மள 'ஆப்பிள்'னு சொல்லச் சொல்வார். பேசணும்னா ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கன்னு திரையில் வரும். தட்டினா நம்ம கேரக்டர் பேசாது, குதிக்கும்! நீ பண்றது பேச்சு இல்லம்மா, குதிக்கிறேன்னு வீட்லி பொறுமையா விளக்குவார். ஜோக்கை எழுதினவங்க பஞ்ச் லைனை நம்ம விரல்கிட்டயே விட்டுட்டாங்க.

நான் நாலு தடவை குதிச்சேன்.