ஆகமன காலமும் பாராமகால் நாடும்

கிறித்தவத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டு சனவரி முதல் நாளில் தொடங்குவதன்று. நவம்பர் 27-ஆம் நாளுக்கும் டிசம்பர் 3-ஆம் நாளுக்கும் இடையே எந்த நாளில் ஞாயிறு வருகிறதோ, அதுவே அதன் தலைநாள். அன்று முதல் கிறித்து பிறப்பு விழா வரை நான்கு ஞாயிறுகள் அடங்கிய பருவத்தைப் பழைய கத்தோலிக்கத் தமிழில் 'ஆகமன காலம்' என்றனர். இன்று 'திருவருகைக் காலம்' என்பர். 'அத்வெந்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கும் வருகை என்பதே பொருள்.

யாருடைய வருகை? பெத்லகேமில் பிறந்த குழந்தையின் வருகை என்று எவரும் எளிதில் விடை கூறுவர். ஆனால் முதல் ஞாயிறன்று கோவிலில் வாசிக்கப்பெறும் நற்செய்திப் பகுதி மாட்டுத் தொழுவத்தைப் பற்றியதன்று. உலக முடிவில் ஆண்டவர் மீண்டும் வருவதைப் பற்றியது. நாளும் நாழிகையும் அறியாதவர்களாகையால் விழித்திருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. நடந்து முடிந்த வருகையை நினைப்பதும் நடக்கவிருக்கும் வருகைக்கு ஆயத்தமாவதும் ஒரே பருவத்தில் அமைந்துள்ளன. புத்தாடையும் பலகாரமும் காகித விண்மீனும் வாங்கும் பரபரப்பில் இரண்டாவது பொருள் மறைந்து போவதுண்டு.

இப்பருவம் தொன்மையானது. ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சு நாட்டுத் தூர் நகரின் ஆயராக இருந்த பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 தொடங்கிக் கிறித்து பிறப்பு வரை வாரம் மூன்று நாள் நோன்பிருக்குமாறு தம் மக்களுக்கு விதித்தார். உரோமையில் பின்னர் நான்கு வாரம் நிலைத்தது. குருவின் மேலாடை ஊதா நிறமாவதும், மூன்றாம் ஞாயிறன்று மட்டும் இளஞ்சிவப்பாவதும் இக்காலத்துக்குரிய வழக்கங்கள்.

காத்திருத்தல் என்பதை நூலால் கற்பதினும் தருமபுரி மாவட்டத்தின் வரலாற்றால் கற்பது எளிது. இது வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் மேட்டு நிலங்களே மிகுதி. இங்குள்ள உழவர் மழைக்குக் காத்திருக்கும்போது திண்ணையில் சாய்ந்திருப்பதில்லை. கோடை உழவை முடித்து, எருவடித்து, விதையைப் பழுதறப் பாதுகாத்து வைத்த பிறகே வானத்தைப் பார்ப்பார். மழை வந்த பின் கலப்பையைத் தேடுபவரை ஊர் மதிப்பதில்லை.

அத்தகைய காத்திருத்தல் இங்குள்ள பழங்கிறித்தவர்களுக்கு வேறொரு வகையிலும் வாய்த்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லெயொனார்தோ சின்னமி என்ற இயேசு சபைத் துறவி மைசூர் நாட்டில் மறைப்பணியைத் தொடங்கினார். இன்று தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களாக உள்ள பகுதியும் நாளடைவில் அப்பணியின் எல்லைக்குள் வந்தது. தருமபுரியை அடுத்த கோவிலூர் அக்காலத் தொடர்புடைய பழைய கிறித்தவ ஊர்களுள் ஒன்று. குருக்களோ மிகச் சிலர், ஊர்களோ பல, வழியோ காடும் கணவாயும். ஓர் ஊருக்குக் குரு ஒருமுறை வந்து சென்றால் மறுமுறை வர நெடுநாளாகும். இடைக்காலத்தில் ஊரைத் தாங்கியவர் உபதேசியார். அவர் சிறுவர்க்குச் செபங்களைக் கற்பிப்பார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வார். இறக்கும் தறுவாயில் உள்ளவர்க்கு ஞானஸ்நானம் அளிப்பார். ஆனால் பூசை நிறைவேற்ற அவரால் இயலாது. பாவசங்கீர்த்தனம் கேட்கவும் இயலாது. ஆதலின் ஆகமனம் என்ற சொல் அம்மக்களின் செவியில் இருமடங்கு பொருளுடன் ஒலித்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மேலும் கடுமையாயிற்று. 1773-ஆம் ஆண்டில் பதினான்காம் கிளமெந்து என்னும் திருத்தந்தை இயேசு சபையையே கலைத்துவிட்டார். 1776-இல் புதுச்சேரி மறைப்பணியைப் பாரிசு வேதபோதக சபையாரிடம் ஒப்படைத்தனர். அவர்கள் காலூன்றுமுன் 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. புதிய குருக்கள் வரும் வழி அடைபட்டது. அதே காலத்தில் பாராமகால் என வழங்கிய இந்நாட்டின்மீது மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் மாறிமாறி நடந்தன. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் இதனைக் கும்பினியாருக்குக் கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாகத் தாமசு மன்றோவும் வந்து நிலவரி வகுத்தனர். மன்றோவின் நினைவுத்தூண் தருமபுரியில் உள்ளது. மக்கள் வாயிலில் உபதேசியாரின் செபம் நின்றுபோகாமல் இருந்ததற்குத் தூண் ஏதும் இல்லை.

அந்த 1792-ஆம் ஆண்டில்தான் துபுவா அடிகள் இந்தியாவுக்கு வந்தார். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டில் சிதறிக் கிடந்த கிறித்தவர்களை ஒன்றுசேர்க்கும் பொறுப்பை ஏற்றார். இந்நாட்டு உடையுடுத்தி, இந்நாட்டு உணவுண்டு, மக்களோடு மக்களாய் வாழ்ந்தார். பெரியம்மைக்குத் தடுப்புப் பால் குத்தும் முறையைப் பரப்பினார். உழைப்பில் அவருக்குக் குறை சொல்ல முடியாது. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1823-இல் தாயகம் திரும்பியபோது, இலண்டனில் அவர் வெளியிட்ட கடிதங்கள் மனமுடைந்த ஒருவரின் கடிதங்களாகவே உள்ளன. இந்தியாவில் கிறித்தவம் வேரூன்ற இனி வழியில்லை என்பது அவர் முடிவு. சேம்சு ஹப் என்ற ஆங்கிலேயர் மறு ஆண்டே மறுப்பு நூல் எழுதினார்.

துபுவாவின் கணக்கை நாம் இகழ வேண்டியதில்லை. உயர்குலத்தாரை வாதத்தால் மனமாற்றம் செய்ய முடியுமா என்பது அவர் கேட்ட கேள்வி. கண்ணெதிரே கண்டவற்றைக் கொண்டு இல்லை என்றார். ஆனால் கோவிலூர் போன்ற ஊர்களில் வாழ்ந்தவர்களின் கேள்வி அதுவன்று. எத்தனை பேர் புதிதாகச் சேருவர் என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. வரவேண்டியவர் வருவார் என்று எண்ணினர். அறிஞரான குருவின் ஏட்டில் நம்பிக்கை வற்றியபோது எழுத்தறியாத உழவர் வீட்டில் அது வற்றவில்லை. இதற்கு அக்குடும்பங்கள் தொடர்ந்து நிலைத்ததைத் தவிர வேறு சான்று வேண்டுவதில்லை.

அதன் பின்னும் சோதனை ஓயவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், தருமபுரியும் அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டம் சூறையாடப்பட்டது போலாயிற்று. 1871-இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் ஏறத்தாழ 16 இலட்சமாகச் சுருங்கிற்று. சாவும் இடப்பெயர்ச்சியும் எந்தச் சமயத்தாரையும் விட்டுவைக்கவில்லை.

1930-இல் சேலம் தனி மறைமாவட்டமாயிற்று. 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1997-இல் தருமபுரி தனக்கென ஓர் ஆயரைப் பெற்றது. ஆண்டுக்கணக்கில் குருவின் வரவுக்கு ஏங்கிய பகுதிக்கு ஆயரே வந்து தங்கினார். இதற்கிடையே இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1960-களில், பூசையும் இலத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்தது. உபதேசியார் ஒருவரே பொருள் விளக்கி வந்த ஆகமன வாசகங்களைப் பாட்டிமாரும் நேரே கேட்டு உணர்ந்தனர்.

டிசம்பர் 17-ஆம் நாளிலிருந்து ஆகமன காலத்தின் இறுதிக் கட்டம் தொடங்குகிறது. வழிபாட்டில் வேண்டுதல் மேலும் அழுத்தம் பெறும் நாட்கள் அவை. ஏறக்குறைய அதே நாளில் நம் மார்கழியும் பிறக்கிறது. தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்களில், பனி விலகாத விடியற்காலையில், ஒரு வீட்டு வாயிலில் கோலமிட்டுப் பூசணிப்பூ வைக்கிறார்கள். அடுத்த வீட்டு முற்றத்தில் மூங்கிலால் கட்டிய விண்மீனுக்குள் விளக்கு எரிகிறது. இரண்டு வீட்டாரும் பொழுது புலருமுன் எழுந்தவர்களே.