தாய்வீட்டில் அந்நியர்

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய நம் கரையோர ஊர்களில், சென்ற நூற்றாண்டின் முற்பாதி வரை 'கொழும்புக்குப் போய்வருதல்' அயல்நாட்டுப் பயணமாக எண்ணப்பட்டதில்லை. தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியோர்க்கு இடையில் கிடந்தது கடலேயன்றி எல்லையன்று. காயலிலே பிறந்து கீழக்கரையிலே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இலங்கையெங்கும் சென்று பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழும்பக் காரணமாயிருந்தார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் 1909ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்று, 'சம்மாங்கோட்டுப் பள்ளி' என்று மக்கள் வழங்கும் செந்நிறப் பள்ளிவாசலும் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியதேயாம்.

வணிகம் சென்ற இடத்தில் நிகாஹும் நடந்தது. குடிக்கணக்கு எடுத்த அதிகாரிகள் 'இலங்கைச் சோனகர்' என்றும் 'இந்தியச் சோனகர்' என்றும் இரு கட்டங்களில் பிரித்தெழுதினர். ஆயினும், இக்கரை மாப்பிள்ளையும் அக்கரைப் பெண்ணும் ஒரே சஹனைச் சுற்றி மக்களோடு அமர்ந்துண்ட வீட்டில் அந்தப் பிரிவினைக்கு இடமிருக்கவில்லை. அவ்வீட்டுப் பிள்ளை எந்நாட்டவன் என்ற வினாவை எவரும் எழுப்பியதுமில்லை.

எழுப்பியது 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம். அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த மண்ணிலே பிறந்தது மட்டும் போதாது; அந்நாளுக்கு முன் பிறந்தவராயின் தந்தையும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் பிறந்திருத்தல் வேண்டும். அந்நாளுக்குப் பின் பிறந்த குழந்தைக்கோ, அது பிறக்கும்போது தந்தை இலங்கைக் குடிமகனாக இருத்தல் வேண்டும். தாய் அங்கேயே ஏழு தலைமுறையாக வாழ்ந்தவளாயினும் வம்சவழிக் குடியுரிமைக்கு அவள் பெயர் உதவாது. காயல் வணிகரை மணந்த கொழும்புச் சோனகப் பெண்ணின் குழந்தை, தன் உம்மாவின் வீட்டிலே, உம்மாவின் கட்டிலிலேயே பிறந்தும் அந்நியனாயிற்று.

இச்சட்டத்தின் 10ஆம் பிரிவை நோக்குவோர் திகைப்படைவர். திருமண உறவின்றிப் பிறந்த குழந்தையாயின், 'தந்தை' என்றுள்ள இடங்களிலெல்லாம் 'தாய்' என்று கொள்ளுமாறு அது கூறுகிறது. அக்குழந்தைக்குத் தாய்வழி உரிமை கிடைத்தது நன்றே. அதனைக் குறை கூறுவார் யார்? ஆனால், வலியும் சாட்சிகளும் மஹரும் வைத்து முறைப்படி நிகாஹ் செய்தவள் தன் பிள்ளைக்குத் தன் நாட்டைத் தர இயலவில்லை. நிகாஹ் செய்யாதவள் தர முடிந்தது.

நம்மவருள் சிலர் இதற்குச் சமாதானமும் கூறினர். நஸபு தந்தை வழியது என்று மார்க்கமே கூறும்போது சட்டமும் அவ்வாறே கூறுவதில் பிழையென்ன என்று கேட்டனர். மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவன் என்ற முறையில் இதனை என்னால் ஏற்க இயலவில்லை. நம் ஃபுகஹாக்கள் எல்லாவற்றிலும் பிள்ளையைத் தந்தையோடு கட்டிவிடவில்லை. நஸபில் பிள்ளை தந்தையைச் சாரும் என்றார்கள். சுதந்திரனா அடிமையா என்ற நிலையில் தாயைச் சாரும் என்றார்கள். மார்க்கத்தில் பெற்றோர் இருவருள் சிறந்த மார்க்கத்தவரைச் சாரும் என்றார்கள். ஒருவன் எந்த மண்ணில் எவருடைய தயவுமின்றித் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்ற கேள்வி, முதலாவதைவிட இரண்டாவதற்கே நெருக்கமானதென்பது என் கருத்து. மேலும், சிறுவயதில் பிள்ளையை வளர்க்கும் ஹளானத் உரிமை தாய்க்கே முதன்மையானது. ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளை நன்மை தீமை பிரித்தறியும் பருவம் வரை, ஏறத்தாழ ஏழு வயது வரை, அது நீளும். ஹளானத் தாயிடமும், அவளோடு பிள்ளை வசிப்பதற்கான அனுமதி அரசாங்க அலுவலகத்திலும் இருந்தால் அவ்வுரிமைக்குப் பொருள் யாது?

தாயை அச்சட்டம் அறவே மறந்துவிட்டதென்று கூறுவதும் நேர்மையாகாது. தாய் வம்சவழி இலங்கைக் குடியாயின், பிள்ளை வயது வந்தபின், மணமாகியிருந்தால் ஏழாண்டும் மணமாகாதிருந்தால் பத்தாண்டும் அங்கே வசித்திருப்பதைக் காட்டிப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வாயில் வைத்திருந்தது. அந்நியனாக எழுதப்பட்டவன் அத்தனை ஆண்டுகள் வசிப்பதற்கோ அனுமதி பெற்றாக வேண்டும்!

1949ஆம் ஆண்டு வந்த இந்திய–பாகிஸ்தானியக் குடியிருப்போர் சட்டம் தந்தையர்க்கு ஒரு வழியைத் திறந்தது. ஆனால் மணமானவராயின் அவருடைய மனைவியும் இளம்பிள்ளைகளும் இலங்கையிலேயே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டுமென்று கேட்டது. மனைவியின் இல்லம் காயலில் இருக்க, தாம் மட்டும் கொழும்பில் கடை நடத்திய நம் வணிகர்க்கு இவ்வொரு நிபந்தனையே வாயிலை அடைத்துவிட்டது. பெண்மக்களுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழும் வழக்கமுடைய ஊர் அது. அவ்வழக்கத்தின் நிலை சட்டம் வகுத்தோர்க்குத் தெரிந்திருக்குமென்று நான் எண்ணவில்லை.

இக்கரையில் நிலைமை சற்று மாறுபட்டது. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் விதி, அயல்நாட்டில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் பதிவு செய்துகொள்ள வழிவகுத்தபோது, பெற்றோர் இருவருள் எவர் இந்தியாவில் பிறந்திருந்தாலும் போதும் என்றது. பாட்டன் பாட்டியரையும் சேர்த்தது. அத்துணை விரிந்த மனம் சில ஆண்டுகளிலேயே சுருங்கிற்று. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அயல்நாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சவழி உரிமை தந்தையாலேயே வருமென்றது. காயல் பெண் கணவரோடு கொழும்பு சென்று அங்கே மகனைப் பெற்றால் அவன் தாய்வழியால் இந்தியனாக முடியாது. தலைப்பேறென்று தாய்வீடு வந்து 1950க்கும் 1987க்கும் இடையில் இங்கே பெற்றிருந்தால் பிறப்பாலேயே இந்தியன். உடன்பிறந்தார் இருவர்க்கு இரு நாடுகள் அமைந்தது, உம்மா எந்த மாதம் கப்பலேறினாள் என்பதைப் பொறுத்ததாயிற்று.

இந்தியா 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தாயையும் தந்தையோடு சேர்த்தது. இலங்கையில் அது 2003ஆம் ஆண்டில்தான் நிகழ்ந்தது. தந்தை, தாய் இருவருள் எவர் குடியாயினும் போதும் என்றாயிற்று. முதற்சட்டம் வந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1948இல் தொட்டிலில் கிடந்தவர்கள் அதற்குள் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். தனுஷ்கோடியை 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் கொண்டுபோனது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று.

இன்று கொழும்பிலே பிறக்கும் கலப்புக் குடும்பத்துக் குழந்தையை இந்தியனாக்க விரும்புவோர், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தாக வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லையென்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். சென்ற தலைமுறையில் ஆலிம்களிடம் பிள்ளைக்குப் பெயர் கேட்டு வந்தார்கள். இப்போது அதே வாரத்தில், இரண்டு நாடுகளுள் எந்நாட்டுச் சீட்டு எடுப்பதென்றும் கேட்டு வருகிறார்கள்.