ஒன்றரை அடிக் குழி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். விஷயமும் காப்பியைப் பற்றியதுதான்.

உங்களில் சிலர் கீழ்ப்பழனி மலையிலும் ஏற்காட்டிலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வாங்கிக் காப்பி நாற்று நட ஆரம்பித்திருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "சார், இளஞ்செடிக்கு என்ன உரம் போடலாம்?" அது மூன்றாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது நிழலைப் பற்றி. அடுத்தது குழியைப் பற்றி. அதற்கப்புறம்தான் உரம். இந்த வரிசையை நான் சொல்லவில்லை, வரலாறு சொல்கிறது. அதுவும் நம் ஜனங்கள் பக்கத்து நாட்டில் போய்த் தோண்டிய குழிகளின் வரலாறு.

முதலில் ஓர் அடிப்படைப் பாடம். நாம் அரபிகா என்று சொல்லும் காப்பி, எத்தியோப்பியாவின் மலைக்காடுகளில் பெரிய மரங்களுக்குக் கீழே தானாக வளர்ந்த செடி. அங்கிருந்து ஏமன் நாட்டுக்குப் போனது. 17ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்ற பெரியவர் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது செவிவழிச் செய்தி. நம் ஏற்காட்டுக்கு 1820களில், சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி வந்தது. எங்கே போனாலும் அது பிறந்த குணம் மாறவில்லை. தலைக்கு மேல் மரம், காலுக்குக் கீழே இலை மக்கு. இதுதான் அதன் தாய்வீடு.

இப்போது கடல் தாண்டி இலங்கைக்குப் போவோம். 1815ல் கண்டி ராஜ்யம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820களில் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் காப்பி வைத்தார். கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் என்பவர் வைத்தார். ஆனால் பெரிய அளவில் எப்படி நடுவது என்ற பழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்தப் பழக்கத்தை 1837ல் கொண்டுவந்தவர் ராபர்ட் பாய்ட் டைட்லர். ஜமைக்காவில் காப்பித் தோட்ட வேலை கற்றுவிட்டு வந்தவர். அதனால் அந்த முறைக்கு மேற்கிந்திய முறை என்றே பெயர் வந்தது.

அவர்களுக்குப் பாடப்புத்தகம் போல இருந்தது லபோரி என்பவர் எழுதி 1798ல் லண்டனில் வெளியான நூல். லபோரி இன்றைக்கு ஹைத்தி என்று நாம் சொல்லும் இடத்தில் தோட்டம் வைத்திருந்தவர். அங்கே 1791ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், தோட்டங்கள் போயின. அடிமைகளின் உழைப்பில் உருவான நடவு முறை புத்தகமாகி, கடல் தாண்டிப் பயணம் செய்தது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1830களில் அடிமை முறை ஒழிந்தபோது அங்கே காப்பி விளைச்சல் சரிந்தது. 1835ல் பிரிட்டனில் இலங்கைக் காப்பிக்கு வரி குறைந்தது. கண்டி மலைக் காட்டை ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு அரசாங்கம் விற்றது. வேறென்ன வேண்டும்? அதிகாரிகள்கூட வேலையோடு வேலையாகத் தோட்டம் வாங்கினார்கள். வேலை செய்ய ஆள்தான் வேண்டியிருந்தது. அங்கேதான் நம் ஜனங்கள் கதைக்குள் வருகிறார்கள்.

திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் என்று பல சீமைகளிலிருந்தும் கங்காணி பின்னால் நடந்து போனார்கள். கடற்கரை வரை நடை, மன்னாருக்குத் தோணி, பிறகு காட்டு வழியே மாத்தளைக்கு மறுபடியும் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அப்போது காப்பி பெரும்பாலும் பருவ வேலை. பழம் பறிக்கும் காலத்துக்குப் போய், முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள்.

போன இடத்தில் என்ன வேலை? காட்டை வெட்டுவது, காய்ந்ததும் தீ வைப்பது, அளவுக் கயிறு பிடித்து வரிசையாக முளை அடிப்பது, ஒவ்வொரு முளைக்கும் ஒரு குழி தோண்டுவது. பொதுவாக ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். செடிக்குச் செடி ஆறடி. மேல்மண்ணைக் குழியில் தள்ளி நிரப்பி, மழை பிடித்ததும் நாற்று நடுவது.

கணக்கு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆறுக்கு ஆறு என்றால் ஒரு செடிக்கு 36 சதுர அடி. வகுத்தால் ஏக்கருக்கு 1,210 குழி. ஒரு குழி சுமார் 3.4 கன அடி. பெருக்கினால் 4,000 கன அடிக்கு மேல் மண். வீடு கட்டியவர்களுக்குப் புரியும்படி சொன்னால் 40 யூனிட் மண். அதுவும் ஒரே ஏக்கருக்கு. செங்குத்தான சரிவில், மரவேருக்கும் கல்லுக்கும் நடுவில், மண்வெட்டியாலும் அலவாங்காலும் தோண்டினார்கள். 200 ஏக்கர் தோட்டம் என்றால் 2,42,000 குழி.

அந்த வேலையின் அடையாளம் வெள்ளைக்காரர்களின் மொழியிலேயே தங்கிவிட்டது. தோட்டக்காரர்கள் எழுதிய ஆங்கில நூல்களில் மண்வெட்டி 'மமோட்டி' ஆனது, கங்காணி 'கங்கானி' ஆனார், புண்ணாக்கு 'பூனாக்' ஆனது. தோண்டியவர்களின் பெயர்களில் பெரும்பாலானவை எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் சொன்ன வார்த்தைகள் மட்டும் பதிவாகின.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த முறையில் குழி நன்றாக இருந்தது, வரிசை நன்றாக இருந்தது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். நிழலை. காடு முழுவதையும் வெட்டி, வெட்டவெளியில் வெயிலுக்கு நேராக நட்டார்கள். ஆரம்பத்தில் செடி செழித்தது. ஏன் செழிக்காது? பல நூற்றாண்டு இலை மக்கு மண்ணில் இருந்தது, எரித்த காட்டின் சாம்பல் மேலே இருந்தது. மூன்றாம் ஆண்டிலேயே காய் பார்த்தார்கள். நிழல் வைத்தால் காய்ப்பு குறையும் என்று நினைத்தார்கள்.

மழை வேறு கணக்கு வைத்திருந்தது. மரம் இல்லாத சரிவில் இரண்டு பருவமழையும் இறங்கி மேல்மண்ணை ஓடைக்குக் கொண்டுபோனது. அப்போதுதான் உரம் பற்றிய பேச்சு பெரிதாக ஆரம்பித்தது. தோட்டத்திலேயே மாட்டுத்தொழுவம் கட்டி, சாணத்துக்காகவே மாடு வளர்த்தார்கள். எலும்புத்தூள் வாங்கினார்கள், தேங்காய்ப் புண்ணாக்கும் ஆமணக்குப் புண்ணாக்கும் வாங்கினார்கள். அதையெல்லாம் மலை மேலே கூடையில் சுமந்து ஏற்றியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. காடு இலவசமாகக் கொடுத்ததை மூட்டையில் விலைக்கு வாங்கி, மனிதர் தலையில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

இப்போது ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1869. தேர்வுக்கு வராது, ஆனாலும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது, கோப்பிக் கிருஷிக் கும்மி என்ற தமிழ் நூல் வெளிவந்தது. எழுதியவர் ஆபிரகாம் ஜோசப். காப்பிச் சாகுபடியைப் பற்றித் தமிழில் ஒரு கும்மி! இலங்கையில் காப்பியைக் கோப்பி என்பார்கள். மலையகத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பேசுகிறவர்கள் இந்த நூலைச் சொல்லாமல் தொடங்குவதில்லை.

இரண்டாவது, இலங்கையிலிருந்து போன ஒரு நோய்கண்ட காப்பி இலையை இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியார் பரிசோதித்து, இது புதுவகைப் பூஞ்சணம் என்று அறிவித்தார். பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். பெயரின் பின்பாதிக்கு நாசம் செய்வது என்று பொருள். இலைத்துரு நோய் என்று நாம் சொல்வது அதைத்தான். இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படியும், இலை உதிரும், கிளை காயும். தோட்டக்காரர்கள் அதற்கு 'நாசக்கார எமிலி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சீக்கிரமே சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றாவது, நம் பக்கத்தில் நடந்தது. குடகிலும் வயநாட்டிலும் நிழல் மரத்தை வெட்டிவிட்டு நட்ட காப்பித் தோட்டங்களில், தண்டைத் துளைக்கும் புழு 1860களில் பெரும் சேதம் செய்தது. சென்னை அரசாங்கம் டாக்டர் ஜார்ஜ் பிடியை ஆராய அனுப்பியது. அவருடைய அறிக்கை 1869ல் வந்தது. நிழல் வையுங்கள் என்பது அதன் முக்கியமான பரிந்துரை. காரணம் எளிது. அந்தப் புழுவின் தாய்வண்டு வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடும்.

ஆக, ஒரே ஆண்டில் நோயின் பெயரும் கிடைத்தது, நிழல் வேண்டும் என்ற பாடமும் கிடைத்தது. இலங்கைத் தோட்டக்காரர்களின் காதில் அது ஏறவில்லை. 1870ல் அவர்கள் சுமார் 10 லட்சம் அந்தர் காப்பி ஏற்றுமதி செய்திருந்தார்கள். ஓர் அந்தர் என்றால் கிட்டத்தட்ட 51 கிலோ. அடுத்த சில ஆண்டுகளில் விலையும் ஏறியது. விளைச்சல் குறைந்ததை விலை மறைத்தது. மேலும் காடு வெட்டினார்கள், மேலும் உரம் போட்டார்கள். உரம் செடிக்குத் தெம்பு கொடுத்தது, நோயை நிறுத்தவில்லை.

1880ல் மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானி வந்தார். வயது 26தான். நோயின் வித்துகள் காற்றில் பரவுகின்றன என்று காட்டினார். மலை மலையாக இடைவெளியே இல்லாமல் ஒரே செடியை நட்டிருப்பதால் நோய்க்குத் தடை இல்லை, நடுநடுவே மரவரிசை வேண்டும் என்றார். சரியான பேச்சுதான், ஆனால் காலம் கடந்துவிட்டது. 1884ல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி மூழ்கியது. 1890 வாக்கில் ஏற்றுமதி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

முதலாளிகள் சிங்கோனாவுக்கும் பிறகு தேயிலைக்கும் மாறினார்கள். தொழிலாளிக்கு என்ன ஆனது? தாது வருஷப் பஞ்சத்தில் உயிர் பிழைக்க அங்கே போனவர்களுக்குத் தோட்டம் நொடித்தபோது கூலி பாக்கி நின்றது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பருவத்துக்கு வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயத்தில் தங்கினார்கள். இன்றைய மலையகத் தமிழரின் வரலாறு அந்தக் காப்பிக் குழியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நம் நாட்டிலும் துரு நோய் வந்தது. நீலகிரியிலும் வயநாட்டிலும் பல தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. ஆனால் மைசூர், குடகு, கீழ்ப்பழனி, சேர்வராயன் மலைகளில் காப்பி நின்றது. நிழல் ஒரு காரணம், நீண்ட வறண்ட மாதங்கள் ஒரு காரணம், நோய் தாங்கும் புது ரகங்கள் இன்னொரு காரணம். மைசூரில் தோட்டம் வைத்திருந்த ராபர்ட் எலியட் 1894ல் எழுதிய நூலில் நிழலைப் பற்றி விரிவாகவே எழுதினார். 1925ல் பாலேஹொன்னூரில் காப்பி ஆராய்ச்சி நிலையம் வந்தது. இன்று உங்களில் பலர் நடும் எஸ்.795 ரகம் அங்கே உருவானதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரிசையாகச் சொல்கிறேன்.

நிலத்தில் இருக்கும் பெரிய மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டாதீர்கள். இடைவெளி உள்ள இடத்தில் காப்பிக்கு முன்பே கல்யாண முருங்கைக் கம்பு ஊன்றுங்கள். சீக்கிரம் தழைக்கும், அதன் வேர் காற்றிலுள்ள நைட்ரஜனையும் மண்ணுக்குச் சேர்க்கும், தழை உதிர்ந்து மக்கும். நின்று வளரும் மரங்களையும் கூடவே வையுங்கள்.

கோடை மழை பெய்து மண் இளகியதும் அதே ஒன்றரை அடிக் குழி எடுங்கள். சில வாரம் ஆறப் போட்டு, மேல்மண்ணும் நன்றாக மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். பருவமழை பிடிக்கும்போது நடுங்கள். பையைக் கிழித்ததும் ஆணிவேரைப் பாருங்கள். நுனி சுருண்டிருந்தால் அந்த நுனியை வெட்டிவிடுங்கள். வேர் மடங்கிய செடி இரண்டு மூன்று ஆண்டு நம்மை ஏமாற்றிவிட்டுப் பிறகு வாடும். காற்றுக்குச் சாயாமல் ஒரு குச்சி ஊன்றுங்கள். முதல் கோடைக்கு முன் செடியைச் சுற்றி இலைதழையால் மூடாக்குப் போடுங்கள். வெயில் விழும் பக்கம் பெரணித் தழை குத்தி நிழல் கொடுங்கள்.

உரம் இதற்கெல்லாம் பிறகு. வேர் பிடித்து, புதுத் தளிர் விட்ட பின், மண் ஈரமாக இருக்கும்போது, தண்டை ஒட்டாமல் சுற்றிலும் கொஞ்சமாக. ஒரே தடவையில் கொட்டாமல் ஆண்டில் பல தடவையாகப் பிரித்துப் போடுங்கள். அளவை மண் பரிசோதனை சொல்லட்டும், கடைக்காரர் சொல்ல வேண்டாம். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

விலை ஏறும்போதெல்லாம் நிழல் மரத்தின் மேல் மனிதனுக்குக் கண் போகிறது. மரத்தை விற்றால் இன்றைக்குக் காசு, வெயில் பட்டால் நாளைக்குக் காய் அதிகம் என்று தோன்றும். கண்டிச் சீமையில் அப்படித்தான் தோன்றியது. அந்தக் கணக்குப் பொய்த்தபோது பழியைச் சுமந்தவர்கள் கணக்குப் போட்டவர்கள் அல்ல, குழி தோண்டியவர்கள்.

உங்களில் யார் வீட்டிலாவது தாத்தாவோ பாட்டியோ கண்டிக்குப் போன கதை இருந்தால் கீழே எழுதுங்கள். பேர் ஊரோடு எழுதுங்கள். தோட்டத்துப் படங்களையும் அனுப்புங்கள். உரத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், என்ன நிழல் மரம் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் முதல் மார்க்.